கவ்வாத்துக் காட்டில் ஓடிய படகு

மாரியம்மன் கோயில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. உள்ளங்கையில் கொப்புளம் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

வண்டிப்பெரியாருக்கு மேலே சோனா என்ற பெண் தங்கும் விடுதி நடத்துகிறாள். பின்னால் பாறை மண்டிய ஓடை. விருந்தாளிகளை ஏற்றிப்போகக் காற்றடைத்த படகு ஒன்றும் அதை ஓட்ட ஓர் ஆளும் வேண்டும் என்றாள். சம்பளத்தோடு ஓடைக்கரையில் ஓர் அறை. எனக்கு அந்த அறைதான் வேண்டும். மார்கழியோடு என் மனைவி கற்பகத்துக்கு எஸ்டேட் வேலை முடிகிறது. அதன்பிறகு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

அடுத்த வீட்டுச் சுவக்கீனுக்கும் அதே கதி, அதே ஆசை. பன்னிரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஏச்சு மட்டும் உண்டு.

யார் தேர்ந்தெடுக்கும் படகு பாறைக்குத் தாங்குகிறதோ அவருக்கே வேலை என்றாள் சோனா. படகு விலை பதினெட்டாயிரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே பஸ்ஸில் அவன் முன் சீட்டிலும் நான் கடைசி சீட்டிலுமாகக் கம்பம் ஊரிலுள்ள படகுக் கடைக்குப் போனோம். சுவக்கீன் எடை குறைந்த மஞ்சள் படகு ஒன்றை எடுத்தான். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒட்டுகளை இழுத்துப் பார்த்தேன், காற்றறைகளை எண்ணினேன். மூன்று தனி அறை. ஒன்று கிழிந்தாலும் மற்ற இரண்டும் கரை சேர்க்கும். அடியில் இரட்டைத் தோல். பார்க்க எருமை மாதிரி இருந்தது.

"நீரு எருமை ஓட்டத்தான் லாயக்கு வே," என்றான் சுவக்கீன்.

"உம்மது பிள்ளைங்க குளிக்கிற தொட்டி. அதுல உம்ம சவத்தக்கூட ஏத்த முடியாது," என்றேன்.

முதல் சோதனையை நான்தான் சொன்னேன். புதிதாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் காட்டில் இலையே இருக்காது. சாய்வாகச் சீவிய குச்சிகள்தான், ஒவ்வொன்றும் ஈட்டி. மேட்டிலிருந்து அதன்மேல் படகில் உட்கார்ந்து சறுக்க வேண்டும்.

சுவக்கீன் முதலில் இறங்கினான். மூன்றாவது நிரையில் படகு சீறியது. காற்று பின்பக்கம் பீறிட, அவனோடு மேலே கிளம்பி, தொழிற்சாலைப் புகைபோக்கியை ஒருமுறை சுற்றி, இலை வாட்டும் மாடியில் போய் விழுந்தது. போகிற வழியில் என் பரம்பரையை ஏசினான். ஏச்சு கீழே வந்துசேர நாலு நிமிடம் ஆனது. அன்றைய தேயிலை முழுக்க அவன் பீடி வாசனை.

பிறகு நான். எருமை குச்சிகளை முறித்துக்கொண்டே இறங்கியது. திரும்பிப் பார்த்தால் காடு முழுக்க ஒரு விரற்கடை குறைந்து, மட்டம் பிடித்த மாதிரி இருந்தது. எஸ்டேட் மேற்பார்வைக் கண்டக்டர் ராஜசேகர் வெட்டைப் பார்த்துவிட்டு எனக்கு மூன்று நாள் கூலிக்குப் பேர் போட்டார்.

சுவக்கீன் தலையெல்லாம் இலையோடு திரும்பி வந்தான். கவ்வாத்துக் கத்தியை வாங்கி என் படகின் அடியில் ஓங்கி வெட்டினான். கத்தி வளைந்து அவனையே பார்த்தது.

"இந்தாளு ஏமாத்துதான். உள்ள பலகை வச்சிருக்கான்."

"காத்துதான் வே இருக்கு. உம்ம மண்டைக்குள்ள இருக்கறதவிடக் கொஞ்சம் கம்மி."

மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சோனா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஓடையில விட்டுக் காட்டுங்க."

காட்டினேன். ஏழு பாறைகளில் மோதினேன். ஏழும் இப்போது உருண்டையாக இருக்கின்றன. அதில் சிறியதைக் கற்பகம் குழவியாக வைத்திருக்கிறாள். சுவக்கீன் கிழிந்த மஞ்சளைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் முங்கிச் சாக வேண்டும் என்று கரையோரமாகவே ஜெபித்தபடி வந்தான். நான் கால் நனையாமல் கரையேறி, பானை சட்டிகளைக் கட்டச் சொல்லிக் கற்பகத்துக்கு ஆள் அனுப்பினேன்.

தை மாதத்திலிருந்து அந்த ஓடைக்கரை அறையில் குடியிருந்து, கிழிந்தது என்று நான் சொன்ன, ஆனால் ஒட்டு ஒன்றுகூட விழாத அதே மஞ்சள் படகை ஓட்டிக்கொண்டிருப்பவன் சுவக்கீன்.