பாய்க்குள்ள மயிலா

எம்புள்ள மயிலம்மாளுக்கு அஞ்சு வயசாகியும் காது குத்தலைங்க. குத்தத்தான் போனோம், நாலு வயசுல. தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தோணும்னு எங்கண்ணன் வெள்ளியங்கிரி குலசாமி கோயில்ல சம்மணம் போட்டு ஒக்காந்தாரு. ஆசாரி கம்பிய எடுக்கறதுக்கு முன்னாலயே, புதுப் பாவாடை உறுத்துதுன்னு அவுத்து எறிஞ்சா. மேளச் சத்தத்துக்குக் காதப் பொத்திக்கிட்டுக் கத்துனா. சமாதானமா முதுகத் தடவுன மாமன் கையக் கடிச்சா. அண்ணன் திருச்செங்கோட்டுல, ஆழ்துளைக் கெணறு போடற ரெண்டு போர்வண்டிக்கு ஓனரு. பொட்டப்புள்ள கடிச்சுதுன்னு டாக்டருகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நாய் கடிச்சுதுன்னு சொல்லித் தொலைச்சாரு. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. அந்தக் கோவத்துல எங்கூட்டு வாசல மிதிக்கறதையே உட்டுட்டாரு.

ஊருல பேயின்னாங்க, திமிருன்னாங்க, என்ர வளப்புன்னாங்க. சொல்லீட்டுப் போகட்டும், அவங்க வாய்க்கு நானா பூட்டுப் போட முடியும்? என்ர வேதனை வேற. பெத்த நாள்ல இருந்து அவ எம்மடியில முழுசா ஒரு நிமிசம் ஒக்காந்ததில்ல. மெல்லத் தொட்டாலே சுடுதண்ணி பட்டாப்பல துள்ளுவா. ஒருக்கா, ஒரே ஒருக்கா அவளக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோணும்னு கெடந்து தவிச்சேன்.

எம்பத்து நாலுல யாரோ சொல்லி, மூணு பஸ்ஸு மாறி வெளியூருல ஒரு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ஒரம்மா. டாக்டருமில்ல, நர்ஸுமில்ல, ஆக்குபேஷனல் தெரபின்னாங்க. ரூமு பூரா ஊஞ்சலு, பந்து, மெத்தை. இது ஆஸ்பத்திரியா பால்வாடியான்னு எங்கூட்டுக்காரரு வேலுமணி என்ர காதுல கேட்டாரு. அந்தம்மா பொறுமையா வெளக்குச்சு. பேயுமில்லையாம், திமிருமில்லையாம். தொடறது, சத்தம், துணி எல்லாமே நமக்குத் தெரியறத விடப் பல மடங்கா இவளுக்குத் தெரியுதாம். மெல்லத் தடவுனா ஆகாது, அழுத்திப் புடிச்சா சொகமாம். ஊஞ்சலாட்டுங்க, கனமான சாமானத் தூக்கச் சொல்லுங்க, தெனமும் மூஞ்சிய மட்டும் வெளிய உட்டுட்டு மெத்தையில சுருட்டி அழுத்துங்கன்னு சொல்லியனுப்புச்சு.

எங்கூட்டுல ஏது மெத்தை? கோரப்பாய்தான். அதுல வெச்சு அவரு சுருட்டி அழுத்துனா, புள்ள கண்ண மூடிச் சொக்கிப்போயிருவா. எனக்குத்தான் கை வரல. அழுத்துனா எலும்பு நொறுங்கிருமோன்னு பயம்.

ஒரு நாள் காலையில வாசல்ல பாயச் சுருட்டீட்டு இருக்கறப்ப, பக்கத்தூட்டுக் குப்பாயி மோருக்கு வந்தா. எங்க பக்கம் சின்னப்புள்ளைங்க போய்ச் சேந்தா பாயில சுருட்டித்தான் தூக்கீட்டுப் போவாங்க. இவ கண்ணுல பட்டது பாயும், கண்ண மூடிக் கெடந்த புள்ளையும், வேர்த்து ஊத்துன தகப்பனும்தான். ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல? கேக்கல. சொம்பப் போட்டுட்டு ஓடுனா. மாவு மில்லுல நின்ன கூட்டத்துக்குச் சொல்லி, அந்த வழியாப் போன போர்வண்டி டிரைவருகிட்ட அண்ணனுக்கும் சாவுச் சேதி சொல்லியனுப்பீட்டா. அட கெரகமே, அந்தச் சுறுசுறுப்ப அவ ஊட்டு வேலையில நான் ஒருநாளும் பாத்ததில்ல.

உச்சி வேளையில மயிலா அவளே கேட்டு மறுக்காச் சுருட்டச் சொன்னா. சுருட்டி முடிச்சோம், பந்தல்காரரு மூங்கிலோட வந்து எத்தன கால் நடோணும்னு கேக்கறாரு. என்னத்துக்குங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள போர்வண்டி வந்து நின்னுது. பைப்புகளுக்கு நடுவால இருவது பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு எறங்கறாங்க. முன்னால அண்ணன், கையில ரோசாப்பூ மாலை.

யாரையும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. மாலைய வீசீட்டு, பாயோட புள்ளைய வாரி நெஞ்சுல இறுக்கிக்கிட்டாரு. "கடிச்சா கடிச்சுட்டுப் போறா, ஒரு வருசமா பாக்காம இருந்துட்டனே சாமி"ன்னு கதறுனாரு. பதினாலு ஊசிக்கும் அழுகாத மனுசன்.

மயிலா கண்ணத் தொறந்தா.

"இன்னுங் கெட்டியாப் புடிங்க மாமா."

அண்ணன் அப்பிடியே மண்ணுல ஒக்காந்துட்டாரு. ஆனா புள்ளைய உடல. அழுதவங்க எல்லாம் வாய மூடீட்டாங்க. பின்னால நின்ன ஒருத்தி மட்டும் வெவரந் தெரியாம இன்னும் ரெண்டு வரி ஒப்பாரி பாடுனா. மாலைய எருமை தின்னுக்கிட்டு இருந்துது. குப்பாயிய ஊரெல்லாம் தேடுனேன், ஆளக் காணோம். அப்பப் பந்தலு வேண்டாங்களான்னு பந்தல்காரரு தலையச் சொறிய, தையில காது குத்துக்கு வந்து போடுங்கன்னு அண்ணன் அழுத மூக்கோடயே சொன்னாரு.

பாய உருவுன பொறவும் அவ எறங்கல. மாமன் தோள்ல தலையச் சாச்சுக்கிட்டா, அவரும் இரும்புப் புடியாப் புடிச்சிருந்தாரு. எனக்குப் பொறாமை பொத்துக்கிட்டு வந்துது. பத்து மாசம் சொமந்தவ நானு, சொகம் அவருக்கா? கிட்டப் போயிப் புள்ளைய வாங்கி மடியில வெச்சேன். பழக்க தோசத்துல மெல்லத்தான் புடிச்சேன். நெளிஞ்சா. சரி, ஓடப்போறான்னு கைய எடுத்தேன். அந்தக் கைய அவ ரெண்டு கையாலயும் இழுத்துத் தன்ர வயித்துமேல வெச்சு அழுத்துனா.

"மாமா மாதிரி"ன்னா.

பல்லக் கடிச்சுக்கிட்டு இறுக்குனேன். ஒண்ணும் நொறுங்கல. கழுத்துக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிட்டுக் கெடந்தா. அடுப்புல பாலு பொங்கி வழியற வாசம் வந்துது. வழிஞ்சா வழியுதுன்னு ஒக்காந்திருந்தேன்.