மூன்றாவது ஹோடி

மாடிப்படியின் அடியில் நின்று குலேத்தா அத்தை, உள்ளே வரலாமா என்று கேட்கும் வழக்கப்படி, "ஹோடி!" என்று குரல் கொடுத்த அதே நேரத்தில், மேலே சொமோயேவின் திரையில் தாடிக்காரன் ஒருவன் அதே குலேத்தா அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"தொறடி கிழவி! கதவத் தொற!"

செதுக்கு வேலைப்பாடு நிறைந்த அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் பதிவுக்குரல் நிதானமாக வந்தது. "குளிச்சிட்டு இருக்கேன். அப்புறமா வா."

சொமோயே நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். பழைய லேப்டாப், அதற்கு எப்போது காது கேட்கும் என்று அதற்கே தெரியாது. கீழேயிருந்து இரண்டாவது ஹோடி வந்தது. எதிர் மேசையில் இருந்த சாரோ எழுந்து வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் அகன்ற முதுகால் அதை மறைத்துக்கொண்டான். முதுகால் சத்தத்தை மறைக்க முடியாது என்பது புரோகிராம் எழுதிப் பிழைக்கிற அவனுக்குத் தோன்றவில்லை.

"வாங்க அத்தை, உள்ள வாங்க" என்றாள் சொமோயே. மூன்றாவது ஹோடிக்கும் பதில் இல்லாவிட்டால் அத்தை திரும்பிப் போய்விடுவாள். போனால் தெரு முழுக்க, அந்தப் பெண் ஆளை வாசலில் நிறுத்தி அனுப்பினாள் என்று பேச்சு ஓடும்.

அத்தை கையில் துணி மூடிய தட்டோடு ஏறி வந்தாள். அதில் சூடான மகாம்ரி, தேங்காய்ப்பால் சேர்த்துப் பொரித்தது. கண்கள் மட்டும் சாரோவின் முதுகின் மேல்.

"யாருடி அவன், என் கதவு முன்னால நின்னு கத்துறவன்?"

"ஒண்ணுமில்ல அத்தை. கேம் விளையாடுற ஆளு. முப்பது லட்சம் பேரு அவனப் பாக்குறாங்க."

"முப்பது லட்சம் பேருல ஒருத்தர்கூட அவன் அம்மாகிட்டப் போய்ச் சொல்லலியா?"

மொம்பாசாவின் பழைய நகரத்தில், கிபோகோனிப் பக்கம், சொமோயேவைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். புருஷனை விட்டுவிட்டு வந்ததைத் தெரு ஒரே ரம்ஜானில் மன்னித்துவிட்டது. துறைமுக அலுவலகத்தின் குளிர்சாதன அறை வேலையை விட்டுவிட்டு, தையல்கடைக்கு மேலே நாலு பேராகக் கூடி கேம் செய்கிறேன் என்று உட்கார்ந்ததைத்தான் மன்னிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் விளையாட்டு என்ன விளையாட்டு? ஆனால் தங்கள் வீட்டுக் கதவைப் படம் எடுக்க அவள் வந்தபோது எல்லாரும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள். என் கதவில் பதினாறு பூ, அவள் கதவில் பன்னிரண்டுதான் என்று அத்தை வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நின்று போனதும் அப்போதுதான்.

கேமின் பெயர் 'ஏழாம் கதவு'. தீமா என்ற பெண், கடலோடி வியாபாரி ஒருவன் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடுகிறாள். அதன் வரைபடம் ஏழு துண்டாகி ஏழு வீடுகளில் கிடக்கிறது. தீமா கூரை விட்டுக் கூரை தாவுவாள், பாய்மரக் கயிற்றில் தொங்குவாள், கோட்டைச் சுவரடியில் கடத்தல்காரர்களைக் கத்தியோடு எதிர்கொள்வாள். எல்லாம் சரி. வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் ஹோடி சொல்ல வேண்டும். உள்ளே கூப்பிட்டால் நுழையலாம். மூன்று முறைக்குப் பதில் இல்லையா, போய்விட்டு அப்புறம் வர வேண்டும். உதைக்கப் பட்டனே கிடையாது. வாசலில் நின்று கலாட்டா செய்தால், அந்தச் சந்தில் எந்தச் சமையலறை ஜன்னலும் அதற்கப்புறம் தீமாவுக்குத் துப்புச் சொல்லாது.

இதை அவர்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் கூத்து. வெளியிடும் கம்பெனிக்கு அனுப்பிய நூற்றிருபது பக்கத் திட்டத்தில் கடல் அலையின் உயரம் இருந்தது, கழுதையின் நடை இருந்தது, ஹோடி இல்லை. மீன் நீந்தும் என்று யாராவது எழுதி வைப்பார்களா? கிரியாமா ஊர்ப்புறத்திலிருந்து வந்த சாரோவும் பிறந்ததிலிருந்து குரல் கொடுத்தே வாசலைத் தாண்டியவன். நாலு பேரில் ஒருவருக்கும் அது ஒரு விதி என்றே படவில்லை. கேம் வெளியான பிறகுதான் உலகம் சொல்லிக் கொடுத்தது. நூறு பேர் விளையாடினால் எழுபது பேர் முதல் கதவிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். 'காத்திருக்கும் வீரம்' என்று ஒரு பத்திரிகை கிண்டலடித்தது. 'கொள்ளைக்காரிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?' என்று இன்னொன்று. கதவும் அத்தையின் குளியலும் கேலிப் படமாகி ஊர் ஊராகச் சுற்றின.

அத்தை போன பிறகு நைரோபியிலிருந்து ஞாம்புரா கூப்பிட்டாள். கம்பெனிக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பவள் அவள்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உதை வேணும் சொமோயே. ஒரே ஒரு உதை. இல்லன்னா ஆன்லைன் கடையிலேருந்து கேம எடுத்துடுவாங்க. ரெண்டாம் பாகமும் கிடையாது."

"உங்க வீட்டுல நீ சொல்லாம கொள்ளாம நுழைவியா?"

"எங்க அம்மா வெளக்குமாத்தால அடிப்பா. அதுவா இப்போ பேச்சு? வாங்குறவனுக்கு உங்க அத்தையத் தெரியாதுடி."

"தெரியாதவன்தான் வாசல்ல நிக்கணும்."

"இந்த வாய வச்சுக்கிட்டு நாலு பேரு வேலைய நீயே முடிச்சுடுவ" என்றாள் ஞாம்புரா. குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம்.

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு அவ்வளவு கெட்டியாக இல்லை. மூன்று வருஷம். சாரோவுக்கு இரண்டாவது குழந்தை வரப்போகிறது. படம் வரைகிற இரண்டு பெண்களும் இந்த ஒரு வேலையை நம்பித்தான் வீட்டில் தலை நிமிர்ந்து பேசுகிறார்கள். மறுநாள் காலையில் சொமோயே சாரோவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "செஞ்சிடு."

சாரோ மத்தியானத்துக்குள் செய்துவிட்டான். பாவி, நன்றாகவே செய்திருந்தான். தீமா கால் தூக்கினாள், பதினாறு பூக்களும் பிளந்தன, செம்புக் குமிழ்கள் தெறித்து உருண்டன, புழுதி அடங்கியதும் உள்ளே அறை தெரிந்தது. வரைகிற பெண்கள் தங்களை மறந்து கை தட்டினார்கள். ஒரே ஒரு குறை, வீட்டுக்காரிக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை.

அதற்காக அத்தையைக் கூப்பிட்டார்கள். அத்தைக்கோ நடிப்பென்றால் உயிர். முதல் பதிவில் தன் குரல் குண்டாகக் கேட்கிறது என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். மைக் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு, எலியைப் பார்த்தவள் போல அலறினாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"இப்படி இல்ல அத்தை" என்றான் சாரோ. "நெசமாவே கதவ ஒடச்சிட்டு ஒருத்தர் வந்தா எப்படிக் கத்துவீங்க? இதப் பாத்துக்கிட்டே கத்துங்க."

திரையில் கதவு பிளந்தது. அத்தையின் கதவு. உள்ளே அத்தையின் பச்சைத் திரைச்சீலை, அத்தையின் கட்டில், கொடியில் காயும் அத்தையின் உள்பாவாடைகூட, படம் எடுத்ததை அப்படியே வைத்திருந்தார்கள். தீமா பூட்ஸ் காலோடு கட்டிலருகே நின்றாள்.

அத்தை கத்தவில்லை. தோளில் கிடந்த லெசோத் துணியை இழுத்துத் தலையை மூடினாள். நெற்றி வரை இழுத்து, தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் பிள்ளைகள் மாதிரி. இருந்தும் பிடி தளரவில்லை. மைக்கில் துணி உரசுகிற சத்தம் மட்டும் பதிவானது.

இத்தனை வருஷத்தில் குலேத்தா அத்தையை வாயடைக்கத் தெருவில் ஒருவராலும் முடிந்ததில்லை. இதைச் செய்தது தாடிக்காரன் இல்லை. செஞ்சிடு என்று சொன்ன வாய் தன்னுடையது.

"சாரோ, அழி."

"எத? சத்தத்தயா?"

"உதைய."

"சொமோயே, வெள்ளிக்கிழம..."

"கடையிலேருந்து எடுக்கட்டும். நம்ம கதவு நம்மகிட்ட இருக்கும்ல? அழி."

சாரோ அவளைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். "நல்ல உதை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அழித்தான்.

சொமோயே தன் நாற்காலியை அத்தையின் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "கதவு மூடித்தான் இருக்கு அத்தை. வெளிய அந்தத் தாடிக்காரன் நிக்கிறான். என்ன சொல்வீங்க?"

லெசோவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. "சாத்தியிருக்கா? நல்லா சாத்தியிருக்கா?"

"தாழ் போட்டிருக்கு."

"அப்போ கேளு" என்றாள் அத்தை. மாலைத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை. நாற்பத்தொரு பதில் தேறியது. மூன்றைத் தொழுகைக்குப் போய் வந்து அவளே வெட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கேம் புதுப்பிக்கப்பட்டது. ஞாம்புராவுக்கு சொமோயே ஒரே வரி அனுப்பினாள்: கதவு உடையாது, பதில்தான் கூடியிருக்கிறது. 'பைத்தியமா நீ' என்று பதில் வந்தது.

சாயங்காலம் தாடிக்காரன் நேரலையில் வந்தான். உதை வந்துவிட்டதாக அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இங்கே சொமோயேவின் மாடி ஸ்டூடியோவில் நிற்க இடமில்லை. தையல்கடைக்காரர்கூட வந்திருந்தார். பன்னிரண்டு பூக் கதவுக்காரியும் வந்திருந்தாள், வேறு வேலையாக வந்தவள் போல.

உதையை அழித்த பிறகும் சாரோ விட்டு வைத்திருந்த 'உதை' பட்டனைத் தாடிக்காரன் அழுத்தினான். தீமா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி நேராக அவனைப் பார்த்தாள். மேல் ஜன்னலிலிருந்து அத்தையின் பதிவுக்குரல்: "யாரு வீட்டுப் பொண்ணு நீ?"

ஸ்டூடியோ சிரிப்பில் அதிர்ந்தது. அவன் கத்தினான். உள்ளிருந்து அத்தை சொன்னாள்: "கத்துனா தொறக்குற கதவு அடுத்த சந்துல இருக்கு தம்பி. அங்க போ." இங்கே பன்னிரண்டு பூக்காரி விருட்டென்று திரும்பினாள். அடுத்த சந்து அவளுடையது.

முப்பது லட்சம் பேர் பார்க்க அவன் நாற்காலியில் சாய்ந்தான். எழுந்து போய்விடுவான் என்று சாரோ முணுமுணுத்தான். மேசையில் சொமோயேவின் போன் அடித்தது. ஞாம்புரா. அவள் எடுக்கவில்லை.

தாடிக்காரன் முன்னால் நகர்ந்தான். தீமா வாசலில் நின்று ஹோடி என்றாள். பதில் இல்லை. போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. இரண்டாவது ஹோடி. உள்ளே பாத்திரம் ஒன்று நகரும் சத்தம் மட்டும்.

உதைக்கும் மூன்றாவது ஹோடிக்கும் நடுவே அவன் விரல் பட்டன்களுக்கு மேலே நின்றது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த குலேத்தா அத்தை, லெசோவைத் தலையிலிருந்து தோளுக்குத் தள்ளிவிட்டு, மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, அவன் விரலையே பார்த்தாள்.