வாயசைத்தால் போதும்

அந்தக் கல்லூரி சின்னது. எவ்வளவு சின்னது என்றால், காலையில் எவள் தும்மினாள் என்பது மத்தியானத்துக்குள் முதல்வர் சிஸ்டர் வரைக்கும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி யார் கண்ணிலும் படாமல் இருப்பது பெரிய சாமர்த்தியம். முதல் வருஷ ஆரம்பத்தில் அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் நிறையவே இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சிற்றாலயத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் நிற்கும் கொட்டகைக்குப் போய்விடுவாள். ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஒருவரும் வந்து கேட்கவில்லை. அதில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

கல்லூரியில் ஒரு விதி உண்டு. படிக்க வந்தவள் படித்துவிட்டு மட்டும் போய்விட முடியாது. எதிலாவது சேர்ந்தாக வேண்டும். நாடகம், கைப்பந்து, முதியோர் இல்லத்துக்குப் போகும் சேவைக் குழு, சிற்றாலயத்தில் பாடும் பாடகர் குழு. வராந்தா முழுக்க மேசை போட்டு ஆள் பிடித்தார்கள். பாடகர் குழுவின் மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொன்னால், அவள் பாட்டுக்காக அங்கே போய் நிற்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகப் போய் நின்றாள்.

பாடகர் குழுவை நடத்தியவர் ஒரு சிஸ்டர். நல்ல மனுஷி, யாரையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. சுருதி விஷயத்தில் மட்டும் படு கறார். ஆர்கனுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் பாடச் சொன்னார். இரண்டு வரி முடிவதற்குள் சிஸ்டரின் விரல்கள் கட்டைகளை விட்டு எழுந்துவிட்டன.

“நல்ல உயரமா இருக்கே. பின்வரிசைல நின்னா எடுப்பா இருக்கும்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “ஒண்ணு செய்யலாமா? வார்த்தையெல்லாம் நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ. ஆனா சத்தம் வேணாம். வாயசைச்சா போதும். சரியா?”

வேறொருத்தியாக இருந்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கைப்பந்துக் குழுவில் போய்ச் சேர்ந்திருப்பாள். இவள் “சரி சிஸ்டர்” என்றாள். சைக்கிள் கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த “சரி”யின் அருமை தெரியும்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் கிடைத்தது. ஆணியில் மாட்டிய நீல அங்கிகளில் ஒன்று அவளுடையதானது. சிற்றுண்டிச் சாலையில் ஜன்னலோர பெஞ்சில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அவள் வரத் தாமதமானால் யாராவது பையை வைத்து அதைப் பிடித்து வைப்பார்கள். குழுவில் தனியாகப் பாடுகிறவளுக்குக் குயில் என்று பெயர். பின்வரிசையில் குயிலுக்குப் பக்கத்தில்தான் இவள் நின்றாள். குயிலுக்கு ரகசியம் தெரியாமல் இருக்குமா? முதல் வாரமே கண்டுபிடித்து இவளுக்கு ‘ஊமைப்படம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். கேலிதான். ஆனாலும் ஒரு பட்டப்பெயர் வைக்கிற அளவுக்குத் தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்பதில் இவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அப்பா நெசவு மில்லில் தறி ஓட்டினவர். ஒரே கூரையின் கீழ் அத்தனை தறிகளும் சேர்ந்து அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. மில்லில் வேலை செய்பவர்கள் எல்லாருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் வாயசைத்தால், இந்தக் கோடியில் இருப்பவர் சிரிப்பார். அப்படியே காலம் போய், காதும் போனது. வீட்டில் அம்மா இருந்தவரை அப்பாவுக்காகக் கத்திப் பேசினாள். அம்மா செத்த பிறகு மகள் கத்தவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று உதட்டை நன்றாக அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். சத்தம் பாதி, உதடு பாதி.

முதல் வருஷ ஆண்டு விழாவுக்கு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் நின்றவள் அவர் முகத்தையே பார்த்து வாயசைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ பாடுனது ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரிஞ்சுது பாப்பா. மத்ததெல்லாம் என்னமோ வாய்க்குள்ளயே முணுமுணுக்குதுங்க. நீ ஒருத்திதான் வாயைத் தெறந்து பாடுறே!”

மற்றவர்கள் குரலைப் பார்த்துக்கொண்டார்கள். இவளிடம் இருந்தது உதடு மட்டும்தானே, அதனால் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வடித்து வைத்திருந்தாள். அந்த மண்டபத்தில் அவள் பாட்டை முழுசாகக் கேட்ட ஆள் அப்பா ஒருவர்தான். அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் அழுதாள். அப்பாவும் அழுதார், வேறு காரணத்துக்காக.

இரண்டாம் வருஷமும் இப்படியே போனது. பக்கத்து வீட்டுக்காரர், மில் கூட்டாளிகள், பஸ் கண்டக்டர் என்று ஒருவரை விடாமல் அப்பா பெருமை அடித்துக்கொண்டார். “என் பொண்ணு காலேஜ்ல பாடுறா.” ஒரு மனுஷனுக்குச் சொல்லிக்கொள்ள வாழ்க்கையில் ஒன்றே ஒன்று இருந்தால், அதை எத்தனை முறை சொன்னால்தான் என்ன?

மூன்றாம் வருஷம் அத்தை கெட்டிக்காரத்தனம் செய்தாள். அண்ணனை நச்சரித்து, காது டாக்டரிடம் இழுத்துப் போய், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அப்பா குழாய் சொட்டுவதைக் கேட்டுத் திடுக்கிட்டார். ஃபேன் இப்படியா கத்தும் என்று அண்ணாந்து பார்த்தார். கரண்டியால் தட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஒரு பாட்டுப் பாடேன்மா.”

“தொண்டை கட்டியிருக்குப்பா.”

“சரி, சரி. வேணாம், இப்ப வேணாம். விழாவுலயே கேட்டுக்கறேன். கடைசி வருஷம் வேற. முதல் தடவை கேக்கும்போது மேடையிலதான் கேக்கணும்.”

சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் வாயெடுத்தாள். அப்பா அப்போது மெஷினைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல. அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டாள்.

மறுநாள் சிஸ்டரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள், மெஷின் உட்பட. “ஒரே ஒரு பாட்டு சிஸ்டர். மெதுவாத்தான் பாடுவேன். எங்கப்பா கேக்கணும்.”

சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதால் மட்டும் சுருதி மாறிவிடுமா? “இந்த வருஷம் பிஷப் வர்றாரும்மா. பிள்ளைங்க எவ்வளவு நாளா உழைச்சிருக்காங்க. நீயே சொல்லு. அப்பா உன்னைப் பாக்கத்தானே வர்றாரு? உன்னை அங்க பாத்தாலே அவருக்கு நிறைஞ்சிடும்” என்று சிஸ்டர் அவள் தலையைத் தடவி அனுப்பினார். நல்லவர்கள் மறுத்தால் கோபப்படக்கூட முடிவதில்லை, அதுதான் கொடுமை.

விழா அன்று சாயங்காலம் அப்பா எல்லாருக்கும் முன்னால் வந்து அதே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காதில் மெஷின். நீல அங்கிகள் வரிசையாக மேடையேறின. ஆர்கன் இசை எழுந்தது. முதல் பாட்டு. அவள் வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் வைத்து, அப்பாவைத் தேடினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெஷின் இருந்த காதை மேடைப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடியிருந்தார். இனி எதற்குக் கண்? இரண்டு வருஷமாக அவள் முகத்தை விட்டு அகலாத கண்கள் அவை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்க அந்த மண்டபத்தில் இப்போது ஒருவரும் இல்லை. தான் அங்கே நிற்பதும் நிற்காததும் ஒன்று என்று அவளுக்கு உறைத்தது. சைக்கிள் கொட்டகையின் பழைய இரும்பு வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

இரண்டாவது பாட்டில் அவள் பாடினாள்.

சத்தமாகவே பாடினாள். மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த குரல், திறந்தால் நல்லபடியாகவா வரும்? ஆர்கன் ஒரு பக்கம் போக அது இன்னொரு பக்கம் போனது. குயில் திடுக்கிட்டு ஒரு வரியை விட்டாள். பக்கத்திலிருந்து ஒரு முழங்கை விலாவில் இடித்தது. சிஸ்டரின் கை காற்றில் அப்படியே நின்று, பிறகு தொடர்ந்தது. பிஷப் நிமிர்ந்து பார்த்தார். அவள் எதையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். மூடிய கண்களுக்கு மேலே அவர் புருவம் நெளிந்தது. கேட்டுவிட்டார், அப்பாவுக்குக் கேட்டுவிட்டது! அவ்வளவு போதும் என்று அவள் கடைசி வரிவரைக்கும் விடாமல் பாடி முடித்தாள்.

பின்னறையில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிஸ்டர் அவள் பக்கம் வந்து, “அங்கியைக் கழட்டி ஆணில மாட்டிட்டுப் போம்மா” என்றார். குயில் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். கடைசி வருஷம், கடைசிப் பாட்டு, அவளுடைய கடைசித் தனி வரியும் அதில்தான் இருந்தது. எல்லாரும் குயிலைச் சுற்றி நின்றார்கள். வெளியே படியில் குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போகிறவர்களில் ஒருத்தியாவது ‘ஊமைப்படம், வாடி’ என்று கூப்பிடுவாள் என்று அங்கியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கதவு சாத்திக்கொண்டது. படியில் யாரோ எண்ணிச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. எந்தச் சிரிப்புக்காக வந்து சேர்ந்தாளோ, அதே சிரிப்பு.

போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் போகட்டும். அப்பா கேட்டாரே.

பஸ் நிறுத்தத்தில் அப்பா நின்ற இடத்தில் நிற்கவில்லை. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார்.

“பாப்பா! என்ன குரல், என்ன குரல்! இத்தனை வருஷம் இதையா கேக்காம இருந்தேன்! முதல் பாட்டுல தனியா ஏறிப் போச்சே, அப்படியே உச்சியில போய் நின்னுச்சே, அங்கயே தெரிஞ்சுபோச்சு இது என் பொண்ணுதான்னு. பெத்தவனுக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிச்சுட்டேன்.”

அது குயிலின் குரல். அவள் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டாவது பாட்டு…” என்று ஆரம்பித்தாள்.

“அதை ஏன் கேக்கறே!” அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். “நல்லா போய்க்கிட்டிருந்த பாட்டுல எவளோ ஒருத்தி நடுவுல பூந்து கெடுத்துட்டா பாரு. எனக்கே காது கூசுது, செவிட்டுக் காது! மெஷினைக் கழட்டிடலாமான்னுகூட பாத்தேன். உன் குரலையும் சேத்துல்ல முழுங்கிட்டா பாவி. அந்த சிஸ்டர் அவளைத் தனியா கூப்பிட்டு, ‘நீ சத்தம் போடாதே தாயி, வாயசைச்சா போதும்’னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

பழக்க தோஷத்தில் அவள் உதடு மட்டும் அசைந்தது.

“சொல்லித்தான் இருந்தாங்கப்பா.”

சத்தமே வராத அந்த வார்த்தையை அப்பா அவள் உதட்டைப் பார்த்துச் சரியாகப் படித்துக்கொண்டார்.

“சொல்லியுமா பாடுனா? என்ன திமிரு!” என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி ஜன்னலோரத்தில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், “என் பொண்ணு, இன்னைக்குப் பாடுனா. நான் என் காதால கேட்டேன்” என்று சொல்ல ஆரம்பித்தார். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.