றெனால்டின் கறண்ட் கார்

றெனால்டின் கறண்ட் கார் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கிராமத்துக்கு வந்த அன்று, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அது பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. ஹோர்ன் அடித்ததும் பாயை விட்டுத் துள்ளி எழும்பினார்கள். "இதென்ன வாகனமோ, பேயோ?" என்று பக்கத்து வீட்டு மதலேனா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். றெனால்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிக்க அவனுக்கு உரிமை இருந்தது. நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன வருசம் அவனிடம் ஒரு பழைய டீசல் வான் இருந்தது. வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடித்தான் சீவியம். டீசல் வரிசையில் நாட்கணக்காகக் கிடப்பான். அவனுடைய முறை கிட்ட வரும்போது "முடிஞ்சுது" என்று கையை விரிப்பார்கள். ஒருநாள் அந்த வெயிலில் மயங்கி விழுந்தவனை முன்பின் தெரியாதவர்கள் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். கண் திறந்ததும் மனைவி சுவேதினியிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை, "இனி எண்ணெயை நம்பிச் சீவிக்கிறேல்லை" என்பதுதான்.

பிறகு கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தீவின் தென்கரையில் ஏற்கெனவே நிற்கும் காற்றாடிகளோடு இன்னும் சில நிறுத்தவேண்டும் என்று கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். "உங்கட காற்றிலயே உங்கட வாகனங்கள் ஓடும். சார்ஜ் பண்ணுற இடங்களும் வரும்" என்றார் அவர்களில் ஒருவர். சுவேதினியின் தமையன் கிறிஸ்ரி, கடலுக்குப் போகிறவன், எழும்பிக் கத்தினான்: "காத்தாடி நட்ட பிறகு மழை வந்தால் வெள்ளம் எங்கட வீட்டுக்குள்ள நிக்குது, கரையில மீனில்லை. எங்களுக்கு இதால என்ன கிடைச்சது?" மண்டபமே அவனோடு சேர்ந்து கத்தியது. றெனால்ட் மட்டும் அந்தக் கொழும்பு மனிதரை நம்பினான். வானை விற்று, சுவேதினியின் நகையையும் விற்று, பாவித்த கறண்ட் கார் ஒன்றை வாங்கினான். அன்றோடு கிறிஸ்ரி அவனோடு பேச்சை விட்டான்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெற்றோல் செட்டைக் கடக்கும்போதெல்லாம் கையை வெளியே விட்டு ஆட்டிக்கொண்டு போவான். ஆனால் வீட்டில் காரைச் சார்ஜில் போட்டால் அக்கம்பக்கத்து லைட்டெல்லாம் மங்கியது. மதலேனா வேலியில் வந்து நின்று, "உன்ர கார் குடிக்கிற நேரம் என்ர குளிர்பெட்டிக்குள்ள மீன் நாறுது" என்றாள். அவன் மின்சாரக் கந்தோருக்குப் போய்க் கேட்டான். ட்ரான்ஸ்போமரை மாற்றவேண்டும், மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம் என்றார்கள்.

"எங்கட கரையில இருந்துதானே சேர் அவ்வளவு கறண்டும் போகுது?"

"அது வேற லைன் தம்பி. அது இஞ்ச இறங்காது."

பற்றரியும் வெக்கையில் மெல்ல மெல்லச் சோர்ந்தது. மன்னாரில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கொழும்புக் கராஜுக்குக் கோல் எடுத்தால் காரைக் கொண்டு வரச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் அது ஓடாது, லொறியில்தான் ஏற்றவேண்டும். ஒரு லொறி பிடித்து அதில் காரை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளால் போவதை நினைக்கவே றெனால்டுக்கு உடம்பு கூசியது. ஓடுகிற மட்டும் ஓடட்டும் என்று விட்டுவிட்டான்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். லைன் திருத்துகிறோம் என்று அன்றைக்கு முதல் நாள் முழுக்கக் கறண்டை வெட்டியிருந்தார்கள். கிடைத்த அரைகுறைச் சார்ஜோடு பாலம் தாண்டி முசலியில் ஒரு ரீச்சரை இறக்கிவிட்டுத் திரும்பியவனை நறுவிலிக்குளத்தில் ஒரு பெண் நடுறோட்டில் ஓடிவந்து மறித்தாள். அவள் பெயர் வசந்தமலர். கணவன் தில்லைநாதன் வயல் வரம்பில் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். விரியன் தீண்டியிருந்தது.

அவனை ஏற்றிப் போக அவர்களின் பக்கத்து வீட்டுக்காரன் ட்ரக்டரை ஸ்ராட் பண்ணிவிட்டான். "அண்ணன், உங்கட காரெண்டால் கெதியாப் போகும் என்ன?" என்று வசந்தமலர் கேட்டாள்.

றெனால்ட் மிச்சச் சார்ஜைக் காட்டும் திரையைப் பார்த்தான். மெதுவாக ஓடினால் மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரும். வேகமாக ஓடினால் சேராது. இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஊர் முழுக்கச் சிரித்த காரைப் பற்றி, அதை நம்பிக் கேட்கும் ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

"ஓம், போகும். ஏத்துங்கோ."

வங்காலை வரை பொறுத்துப் பொறுத்துத்தான் ஓட்டினான். குளிரூட்டியை நிறுத்தி யன்னல் கண்ணாடிகளை இறக்கினான். பின்னால் தில்லைநாதன் துப்பிய எச்சிலில் இரத்தம் வந்தது. "அண்ணன், கொஞ்சம் ஓடுங்கோவன்! சைக்கிள்காரனும் முந்திப் போறான்!" என்று வசந்தமலர் அழுதாள். ஓடினால் நின்றுவிடும் என்று அவளிடம் எப்படிச் சொல்வான்? அவன் காலை அழுத்தினான். திரையில் இலக்கங்கள் மளமளவென்று இறங்கின.

மன்னார்ப் பாலத்து நெடும்பாதையில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, கார் ஊர்ந்து ஊர்ந்து நின்றது. றெனால்ட் கீழே குதித்தான். காற்று அவனைப் பிடித்துத் தள்ளியது. தூரத்தில் காற்றாடிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. பெற்றோல் என்றால் ஒரு போத்திலில் வாங்கி வந்தாவது ஊற்றலாம். இதற்கு என்ன செய்வது? நடுப் பாதையில் நின்று இரண்டு கையையும் விரித்தான். மஹ்மூது என்பவரின் மீன் லொறி பிறேக் அடித்து நின்றது.

"என்ன, பெற்றோல் முடிஞ்சுதோ?"

றெனால்ட் லொறியின் பின்கதவை இழுத்துத் திறந்தான். மீன் பெட்டிகளைத் தள்ளி இடம் எடுத்து, இருவருமாகத் தில்லைநாதனைத் தூக்கிக் கிடத்தினார்கள். வசந்தமலரும் ஏறியதும் லொறி றெனால்டின் முகத்தில் கரும்புகையைக் கக்கிவிட்டுப் பறந்தது.

காரைக் கட்டி இழுக்கக் கிறிஸ்ரிதான் வந்தான். சிரிப்பான் என்று றெனால்ட் எதிர்பார்த்தான். கிறிஸ்ரி சிரிக்கவில்லை. கயிற்றை முடிந்துகொண்டே, "காரில பிழையில்லை மச்சான். கார் வந்திட்டுது. அதோட வரும் எண்டு சொன்ன மிச்சம் ஒண்டும் வரேல்லை" என்றான். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவன் பேசியது அதுதான். அதைவிட ஏச்சு வாங்கியிருக்கலாம் போலிருந்தது றெனால்டுக்கு.

தில்லைநாதன் பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. கிழமைக்குக் கிழமை இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். பாதையில் நின்ற நேரத்தாலா இப்படி ஆனது என்று றெனால்ட் டொக்டரிடம் போய்க் கேட்டான். "விசத்தின்ர வேலை. நேரத்தோட வந்திருந்தாலும் இப்பிடி ஆகியிருக்கலாம், ஆகாமலும் விட்டிருக்கலாம்" என்றார் அவர். இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தால் அவன் அழுதாவது தீர்த்திருப்பான்.

ஒருநாள் காரை நிரம்பச் சார்ஜ் பண்ணிக்கொண்டு நறுவிலிக்குளத்துக்குப் போனான். வசந்தமலர் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். தில்லைநாதனின் முகம் ஊதிப் போயிருந்தது.

"ஆசுப்பத்திரிக்குப் போற நாளில நான் வந்து கூட்டிக்கொண்டு போறன். சும்மாதான்" என்றான் றெனால்ட்.

"வேண்டாம் அண்ணன். நாங்கள் பஸ்ஸில போறம்" என்றாள் வசந்தமலர். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

தில்லைநாதன் முற்றத்தில் நின்ற காரைப் பார்த்துச் சொன்னான்: "அண்டைக்கு ட்ரக்டர் ஸ்ராட்டிலதான் நிண்டது தம்பி. போகும் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்."

றெனால்ட் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். குடிக்காமல் எழும்பினால் அவர்களை அவமதித்ததாகிவிடும்.

அடுத்த மாதம் கார் லொறியேறிக் கொழும்புக்குப் போனது. உதிரிப்பாகத்துக்கு ஒருவன் வாங்கினான். இப்போது றெனால்ட் சிவராசா முதலாளியின் டீசல் வானைக் கூலிக்கு ஓட்டுகிறான். நறுவிலிக்குளம் தாண்டி முசலிப் பக்கம் யாராவது ஹயர் கேட்டால், தான் போகவில்லை என்று வேறு ஆளைக் காட்டிவிடுவான். ஏன் என்று சுவேதினி ஒருநாளும் கேட்டதில்லை.