அழுதுகொண்டு வந்த ‘ஹி’

ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கட்டளைதான். வாயைத் திற, திரும்பிப் படு, மூச்சை இழு, அசையாதே. இத்தனை வருஷமும் அதுவே போதுமானதாக இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் மகன், எங்கேயோ ஒரு துறைமுகத்தில் முடிவெட்டிக்கொண்டிருந்த பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிவந்து, வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் கப்பலேறிய பிறகுதான் சிக்கல் வந்தது. மருமகளுக்கு ‘அத்தை’, ‘மாமா’ தவிரத் தமிழ் தெரியாது. அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது. நடுவில் இருந்தது ஆளுக்கு அரைகுறையாக இங்கிலீஷ் மட்டும்.

காலையில் மருமகள் எழுந்து வந்ததும் மாமியார், “எனி பெயின்?” என்பாள். வேறு எப்படி நலம் விசாரிப்பது என்று அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டு வழக்கம் இதுதான் போல என்று மருமகளும் சாயங்காலம் மாமனாரை வாசலிலேயே நிறுத்தி, “எனி பெயின், மாமா?” என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷர். முதல் நாள் நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

மருமகளுக்கு எல்லோரும் ‘ஹி’தான். மாமனார் ஹி, எதிர்வீட்டு டாக்டரம்மா ஹி, மாமியாரும் ஹி. அவள் பாஷையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் என்று மகன் போனில் விளக்கினான். “ஹி ஸ்லீப்பிங்” என்று அவள் சொன்னால் யார் தூங்குகிறார்கள் என்று அறை அறையாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணவர் சிரித்தால் மாமியார் மருமகள் பக்கம் பேசுவாள். “நாம ‘அவங்க’ன்னு சொன்னா மட்டும் ஆம்பளையா பொம்பளையான்னு தெரியுதாக்கும்?”

“மரியாதையாவது தெரியுதுல்ல?”

“அதான் சொல்றேன். இங்கிலீஷுக்கு மரியாதையெல்லாம் கணக்கில்ல. மீசை இருக்கா இல்லையான்னு மட்டும் கேக்கும்.”

இதையெல்லாம் கேட்டுத் தெளிவதற்குச் சரியான ஆள் அந்தக் குடும்பத்திலேயே இருந்தாள். நர்ஸின் தங்கை, ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். ஆனால் அக்காவும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாமல் நாலு வருஷம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி விழா ஒன்றில் அக்கா மைக் முன்னால் நின்று, எழுதிவைத்ததைப் படித்தாள். “வீ ஆர் டிட்டர்மைண்ட்” என்று அவள் சொன்னதும் முன்வரிசையில் இருந்த தங்கை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து டாக்டர்களும் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும், “அது டிட்டர்மின்ட்க்கா” என்று வேறு சொன்னாள் தங்கை.

“மைன், ஃபைன், ஷைன் எல்லாத்துக்கும் வர்ற சத்தம் இதுக்கு மட்டும் ஏன்டி வராது?” என்று கேட்டுவிட்டு நடந்த அக்கா, அதற்குப் பிறகு தங்கையின் போனை எடுக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸுக்கு வீட்டிலிருந்து போன்.

“அத்தை, ஹி கேம். ஹி வெட். ஹி க்ரை. ப்ளீஸ் கம்.” அதோடு லைன் போய்விட்டது.

மகன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தாள். கப்பல் திரும்ப இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கிறதே, இப்போது ஏன் வந்தான்? ஏன் அழுகிறான்? வேலை போய்விட்டதா? மிச்ச வேலையை அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு டாக்ஸி பிடித்தாள். போகும் வழியெல்லாம், “என் ராசா, வேலை போனா போவுது, நீ வந்தியே, அது போதும்” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்து நாற்காலியில் ஒரு பெண் இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகள் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். தங்கை!

தனக்கு வந்தது கோபமா ஏமாற்றமா என்று நர்ஸுக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. வாசலிலேயே நின்றாள். அப்போது தங்கை, “அக்கா” என்றாள். அந்தக் குரல் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி இருந்தது. அது காதில் விழுந்ததும் அக்காவுக்குள் இருந்த நர்ஸ் முழித்துக்கொண்டாள்.

“என்னடி குரல் இது? எத்தனை நாளா இப்படி?”

“தொண்டையில கட்டியாம்க்கா. எடுத்துடணுங்கிறாங்க. பயமா இருக்கு. உன்னை விட்டா யார்கிட்ட போவேன்?”

ஈரத்துண்டோடு சேர்த்துத் தங்கையை அணைத்துக்கொண்டாள் அக்கா. இருவரும் அழுவதைப் பார்த்து மருமகள் பதறிப்போனாள். “ஹி ஓகே, அத்தை? ஹி ஓகே?”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஹி இல்லம்மா, ஷி...” என்று ஆரம்பித்தாள்.

“அந்தப் புள்ளையைத் திருத்தாதடி. சரியா சொல்லியிருந்தா நான் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டேன்” என்றாள் அக்கா.

ஆபரேஷன் அக்கா வேலை பார்த்த தியேட்டரிலேயே நடந்தது. மயக்கம் வரும்வரை அவள் தங்கையின் கையை விடவில்லை. கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அக்கா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். பகலில் மருமகள்தான் துணை. இதுவரை பயந்து பயந்து பேசியவள், திருத்தாமல் தலையாட்டுகிற ஆள் கிடைத்ததும் மடை திறந்துவிட்டாள். அப்பாவின் சலூன், கோபக்கார அம்மா, கப்பல்காரன் முதன்முதலாக முடிவெட்ட வந்த நாள், எல்லாவற்றையும் அந்த உடைந்த இங்கிலீஷிலேயே சொன்னாள். டீச்சர் முதல் நாள் ஒவ்வொரு தப்புக்கும் புருவத்தைத் தூக்கினாள். அப்புறம் கதையில் விழுந்துவிட்டாள்.

வாரத்தின் கடைசி நாள் மருமகள் ஒரு கல்யாண மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதித்தலை வெட்டி முடித்ததும் அவன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிட்டானாம். அந்த இடத்தில் அடுப்பில் ஏதோ பொங்கி வழிய, எழுந்து ஓடியவள் கதையை மறந்தே போனாள்.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் மெதுவாகப் பேசலாம் என்றார். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. முதல் வார்த்தை யாருக்கு என்று அக்கா ஆசையோடு காத்திருந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் டீச்சர் நேரே மருமகளிடம் போய் அவள் கையைப் பிடித்தாள்.

“அந்த மாப்பிள்ளை ஏன் ஓடினான்? அப்புறம் என்ன ஆச்சு?”

கேட்டது தமிழில்தான். மருமகளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.