மோக் அம்மாவைப் பற்றி அரைப் பக்கம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கேட்டு வாங்கியதுகூட இல்லை, தலையில் கட்டப்பட்டது. ஸ்கார்பரோவில் எனக்கும் மோக் குடும்பத்துக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. போன மார்ச்சில் ஒரு மத்தியானம் அந்த வீட்டு மருமகள் புய்-சான் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க எழுதுறவங்கதானே. அத்தையைப் பத்தி அரைப் பக்கம் வேணும். சனிக்கிழமை அடக்கம். வர்றவங்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துல போடணும்."

"கின்-வா எழுதலையா?"

"எங்க வீட்டுக்காரரா? எழுதினாரு. பிறந்தாங்க, சிக்கனமா இருந்தாங்க, போயிட்டாங்க. மூணே வரி."

அவள் சிரிக்கவில்லை. பதினேழு வருடம் மாமியாரோடு இருந்தவள். கடைசி நாலு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தவள். எனக்கும் அந்த மாதம் எழுத்து ஓடவில்லை. களைத்துப்போன இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை இது. தையல் தெரியத்தான் செய்யும்.

2

'தைஷான் பக்கத்துக் கிராமமொன்றில் பஞ்ச காலத்தில் பிறந்த மோக் சாவ்-லின், பசியை'

(வேண்டாம். பசியில் தொடங்கினால், பிறகு அவர் என்ன செய்தாலும் படிப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். அது அழுகுணி ஆட்டம்.)

'ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடும் ஒரு பெண்மணியை நான் முதன்முதலாக'

(இதுவும் வேண்டாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரிக்கிறவளின் வரி.)

புய்-சான் சொன்னதை வந்த வரிசையில் குறித்துக்கொண்டேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை மோக் அம்மா ஒருநாளும் ஓடவிட்டதில்லை. கையால் கழுவிய தட்டுகளை வடியவைக்கிற அலமாரி அது. தபாலில் வரும் கடை விளம்பரத் தாள்களைச் சின்னப் பெட்டிகளாக மடித்து வைப்பார், சாப்பிடும்போது எலும்பு போட. மகனுக்குக் கல்யாண வயது வரும்வரை முடி வெட்டியது அவர்தான். பின்னால் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே என்று அவன் அழுதால், "பின்னாடியா? அதை நீயா பார்க்கப் போற?" என்பாராம்.

பனிக்காலத்தில் வீட்டுச் சூடு பதினாறு டிகிரியைத் தாண்டக் கூடாது. யாரும் திருகிவிடாமலிருக்கக் குமிழின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்.

"குளிருதுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போடு. ஸ்வெட்டருக்கு மாசாமாசம் பில் வராது."

இதுவரை எழுதியதில் ஒரு நல்ல கிழவி கிடைத்துவிட்டார். சனிக்கிழமை எல்லோரும் படித்துப் புன்னகைத்திருப்பார்கள். இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

3

மறுநாள் காலை, திருத்திய தாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கின்-வாவின் தங்கை யீ-மான் வான்கூவரிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"எழுதுங்க அண்ணி. எங்கப்பா குளிர்லதான் செத்தாருன்னு எழுதுங்க. இல்லைன்னா அதுல என் பேரைப் போடாதீங்க."

பெரியவர் இறந்தது எட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரியில்.

"எழுபத்தொன்பது வயசு. நுரையீரல் முழுக்கச் சளி," என்றான் கின்-வா. "எங்க இருந்தாலும் போயிருப்பாருன்னு டாக்டரே சொன்னாரு."

"டாக்டர் நம்ம வீட்டுல ஒரு வாரம் படுத்துப் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"அவ்வளவு அக்கறை இருந்தா நீ வந்து பார்த்துக்கிட்டிருக்கணும்."

"நான் இல்ல, ஒத்துக்கறேன். நீ அங்கதானே இருந்த அண்ணா. அந்தப் பிளாஸ்திரியைப் பிச்சுப் போட உனக்கு எத்தனை ஆள் வேணும்?"

கின்-வா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் பனி அள்ளப் போனான். அன்று பனி பெய்திருக்கவில்லை.

[அரைப் பக்கத்தில் சேராத ஒன்று: அந்த ஜனவரியில் பெரியவர் மூன்று வாரம் இருமியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. என் வீட்டு நிலவறையில் அறையைச் சூடாக்கும் மின்கணப்பு ஒன்று சும்மா கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று நினைத்ததாக ஞாபகம். அது ஞாபகமா, பிறகு செய்துகொண்டதா, தெரியவில்லை.]

4

போனை வைத்த பிறகு புய்-சான் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஒண்ணு சொல்றேன். அவருக்கும் தெரியாது, யீ-மானுக்கும் தெரியாது."

மாமனார் இறந்த அதே வருடம் நவம்பரில், பழைய சாமான் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னாராம் மாமியார். சின்ன மின்கணப்பு ஒன்று வாங்கினார். மாமியார் தன் அறைக்கு வாங்கியதாகத்தான் புய்-சான் நினைத்திருந்தாள். ஒருநாள் போர்வை எடுக்க மாமனாரின் அறைக் கதவைத் திறந்தாள்.

"அனல் மூஞ்சில அடிச்சுது அக்கா. உள்ள யாருமில்ல, கட்டில் மட்டும். கட்டில் மேல நியூஸ்பேப்பர் விரிச்சு, அதுல ஆரஞ்சுத் தோல். என்ன அத்தை இதுன்னேன். 'சூப்புக்குத் தோல் காயணும். கதவைச் சாத்து, சூடு வெளிய போகுது'ன்னாங்க."

"எவ்வளவு தோல்?"

"ரெண்டு பழத்தோடது."

எட்டுப் பனிக்காலம். விடிந்ததும் போட்டு, பகல் வேலையெல்லாம் முடிந்து கின்-வா வருவதற்குள் அணைத்துவிடுவார். வீட்டின் மற்ற அறைகள் பதினாறிலேயே கிடந்தன.

"படுக்கையில விழுந்த பிறகு நான்தான் போட்டுவிடுவேன். 'போட்டியா?'ன்னு தினம் கேட்பாங்க. உங்க ரூம்ல வைக்கட்டுமான்னு கேட்டா, 'எனக்கு எதுக்கு? எனக்கென்ன குளிரா'ம்பாங்க. மூணு போர்வை போர்த்திக்கிட்டு."

"தோலும் வைப்பியா?"

"வைப்பேன்."

அந்த மத்தியானம் வீட்டுக்கு வந்து, 'குற்ற உணர்வு' என்று ஒரு வரி எழுதி அடித்தேன். அந்தச் சொல்லை மோக் அம்மா வாசலிலேயே நிறுத்தியிருப்பார். சரி, தோல் காயத்தான் என்று எழுதிப் பார்த்தேன். எட்டு வருடம், இரண்டு பழத் தோல். அதையும் அடித்தேன்.

5

கடைசி வரியைப் புய்-சான்தான் எழுதிக் கொண்டுவந்தாள். நாலாக மடித்த விளம்பரத் தாளின் ஓரத்தில்:

'அவர் போன பிறகு, பனிக்காலங்களில் கணவரின் அறையைச் சூடாக வைத்திருந்தார்.'

பதினேழு வருடத்தில் அவள் எழுதி நான் பார்த்த ஒரே வாக்கியம். என்னுடைய அரைப் பக்கத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. முதல் மூன்று சொற்களை நான் வெட்டினேன்.

"நீளமா இருக்கு," என்றேன். பொய். இருப்பதோ எட்டுச் சொல். அந்த மூன்றும் இருந்தால் கின்-வா கேட்பான், யீ-மான் கேட்பாள், மறுபடி போன், மறுபடி மண்வெட்டி. அச்சுக்குக் கொடுக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது. எனக்கு அது முடிந்தால் போதுமென்று இருந்தது.

புய்-சான் தாளைப் பார்த்தாள். "இருக்கட்டும் அக்கா," என்றாள்.

சனிக்கிழமை எல்லோர் கையிலும் அந்த வரி இருந்தது. கின்-வா அதைப் படித்துத்தான் முதன்முறையாக அழுதான். வந்தவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா, அப்பாவை எப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு," என்றான். அந்த முகத்திலிருந்து அந்தப் பொய்யை எடுக்க எனக்குத் தெம்பில்லை. அதைச் செய்தவளே நான்தான்.

யீ-மானும் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோட்டு மாட்டும் இடத்தில் நாங்கள் இருவரும் நிற்கிற பக்கம் வந்தாள்.

"அண்ணி, இது எந்தப் பனிக்காலம்?"

புய்-சான் என்னைப் பார்த்தாள்.

'புய்-சான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக'

'அது அப்பா இருந்தப்போ, என்று பொய்'

'நான் குறுக்கிட்டு, தப்பு என்மேல்தான், என்று'

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் ஓடவில்லை. ஏற்கெனவே ஒரு தரம் சோர்வில் வெட்டியவள் நான்; இன்னொரு தரம் சோர்வில் முடிக்க மாட்டேன். தெரிந்தால் யீ-மான் தாயை மன்னிக்கக்கூடும். அல்லது, செத்தவருக்குப் போட்ட சூட்டை இருந்தவருக்கு ஏன் போடவில்லை என்று மிச்ச வாழ்நாளெல்லாம் கேட்கக்கூடும். இப்போது இந்தக் கூடத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் மூன்று பேர்: புய்-சான், நான், நீங்கள். எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

யீ-மான் நிற்கிறாள், விரல் அந்த வரியின் மேல் இருக்கிறது. உங்களைத்தான் பார்க்கிறாள்.