மறுபடி எடுத்துக்குவீங்களா?

என் வேலை ஆட்களைச் சரிபார்ப்பது. ஒரு கம்பெனியில் புதிதாகச் சேரப்போகிறவர் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று அவருடைய பழைய முதலாளிகளுக்குப் போன் போட்டுக் கேட்பேன். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்குவீங்களா?” வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும். நான் எண்ணுவது பதிலுக்கு முன்னால் வருகிற மௌனத்தை. மூன்று நொடி தாண்டினால் படிவத்தில் ‘சந்தேகம்’ என்று குறித்துவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

அப்படிப்பட்டவளிடம் வந்து என் வீட்டுக்காரர் பொய் சொன்னார்.

அவர் ஏ.சி. மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவருக்கு இரண்டு இடத்தில் வேலை வந்திருந்தது. ஒன்று இதே ஊரில், பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில். இன்னொன்று ரயிலில் பத்து மணி நேரம் போகவேண்டிய துறைமுகத்தில், மீன் வைக்கிற குளிர்கிடங்கில். எனக்கோ இங்கே அடுத்த மாதம் டீம் லீடர் பதவி, எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். ஊர் மாறினால் அது போச்சு. அதனால் ஆஸ்பத்திரி என்று பேசி முடித்திருந்தோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “ஆஸ்பத்திரில வேற ஆள எடுத்துட்டாங்களாம்.”

“எப்ப சொன்னாங்க?”

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. “மத்தியானம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது. துறைமுகத்து ஊரில் என் நாத்தனார் இருக்கிறாள். தம்பி பக்கத்தில் வந்துவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட அவளுக்கு ஆள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தபோது இவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதும் ஞாபகம் வந்தது. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று புரிந்துபோயிற்று.

மறுநாள் என் சீட்டிலிருந்தே, ஆபீஸ் குரலில், ஆஸ்பத்திரி இன்ஜினீயருக்குப் போன் போட்டேன்.

“அவரா? நல்ல வேலைக்காரருங்க. நேத்து அவரே வந்து வேணாம்னுட்டாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்கன்னு சொல்லி இடத்த வச்சிருக்கேன்.”

“என்ன காரணம் சொன்னாருங்க?”

“சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல, ஊர் மாறணும்னாரு.”

எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

சாயங்காலம் நான் போனபோது ஹால் தரையில் உட்கார்ந்து, எங்கள் ஏ.சி.யின் பில்டரைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர்.

“எனக்கு என்ன நோய்ங்க?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். “போன் பண்ணியா?”

“பண்ணேன். எல்லாம் உங்கக்கா சொல்லிக்கொடுத்ததுதானே?”

“அக்கா நம்மள வரவே வேணாங்கிறா. நீ வந்தா அவளையும் விசாரிப்பியாம்.” சிரிக்காமல்தான் சொன்னார். “போன மாசம் உன் தம்பி வந்தப்ப அவன் டிக்கெட்ட வாங்கித் தேதி பாத்த. எதிர்வீட்டம்மா காய்ச்சல்னாங்க, நெத்தியத் தொட்டுப் பாத்த. லிப்ட் ரிப்பேர்னு நான் சொன்னா வாட்ச்மேன்கிட்ட கேக்குற. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கல்யாணம் ஆனப்ப நீ இப்படி இல்ல. இப்ப பன்னெண்டு பேருக்கு வேற சொல்லிக்கொடுக்கப் போற. ஊர் மாறினா இந்த வேலையாவது உன்ன விட்டுத் தொலையும்னு நெனச்சேன்.”

“அதுக்குப் பொய் சொல்லணுமா?”

“உண்மையச் சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அடுக்கியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். பயமாகவும் இருந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் இருக்கு. உனக்கு அந்தப் பதவிதான் வேணும்னா நாளைக்கே போய் ஆஸ்பத்திரில சேந்துக்கறேன். நீ சொல்றதுதான்” என்று மறுபடி குனிந்துகொண்டார்.

அவர் விட்டுக்கொடுத்ததும் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

“நான் இப்படி ஆவேன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என்னக் கட்டியிருப்பீங்களா?”

பிரஷ் நின்றது. பில்டரிலிருந்து தண்ணீர் பக்கெட்டில் சொட்டியது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

“எண்ணுறியா?”

“இல்லையே” என்றேன், ஒரு நொடிகூடத் தயங்காமல். அப்போது ஆறில் இருந்தேன்.